கிளி முத்திரைக் காப்பு

வெள்ளி கறுத்திருந்தால் பழசு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அவர்களை எங்கள் தெருவில் ஒரு மாதம் குடியிருக்க வைக்க வேண்டும். போன வருஷக் கல்யாணத்துக்கு வாங்கிய கொலுசெல்லாம் எங்கள் தெருவில் அருங்காட்சியகத்துக் கொலுசாகத்தான் இருக்கும்.

நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தோலில் முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சல்ஃபைடு என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் வாய்க்காலில் வேறு தண்ணீரோடு கலக்கும்போது அழுகிய முட்டை வாடை கிளம்பும். அது மூக்கோடு நிற்காது, வீட்டிலுள்ள வெள்ளியிலெல்லாம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மெட்டியின்மேல் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசிக்கொள்வார்கள். மற்ற வெள்ளியைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார்கள். அரிசிக்குள் கறுப்பு ஏறாது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. வேதியியல் படித்த நானும் அப்படித்தான் வைக்கிறேன். கொஞ்சம் பலன் இருக்கத்தான் செய்கிறது.

இதெல்லாம் தெரிந்த என்னிடம்தான் வேலூர்ப் பழைய சாமான் கடைக்காரர் ஒரு வெள்ளிக் காப்பை நீட்டி, "நவாப் காலத்து ஐட்டம்மா. ஆற்காடு நவாப்" என்றார்.

"எப்படி பாய் சொல்றீங்க?"

"கறுப்பப் பாரும்மா. நூறு வருசம் இல்லாம இப்படிக் கறுக்குமா?"

"எங்க வூட்டுக் குங்குமச் சிமிழு ரெண்டு மாசத்துல இதவிட ஜாஸ்தி கறுக்கும்."

"சும்மா பேஜார் பண்ணாத. ஆம்பூர்ல ஒரு பெரிய வூட்ட இடிச்சிக் கட்டிட்டாங்க. பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாம் நம்மகிட்டதான் வந்துது. இதையும் அவங்கதான் குடுத்தாங்க. நவாப் காலம்னு சொன்னது நானில்ல, அந்த வூட்டுக்காரங்க."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஆம்பூரில் இடித்துக் கட்டுகிற பெரிய வீடுகளுக்கு என்ன பஞ்சம்? காப்பு எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் வரிசையாக ஏழு மாங்காய், ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் திருகாணி. மாங்காய்களில் ஒன்று மட்டும் சப்பையாகியிருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன்.

வீட்டில் அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் காப்பை அவள் முன்னால் வைத்து, "நவாப் உனக்குக் குடுத்து அனுப்பினாரு" என்று கிண்டல் செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். ஒரு திருப்புத் திருப்பி, கட்டைவிரலை நேராக அந்தச் சப்பை மாங்காயின்மேல் வைத்தாள்.

"இது பீரோ கதவுல நசுங்குனது" என்றாள். "உள்ள ஒரு கிளி இருக்கும். கறுப்புல தெரியாது."

அம்மா காப்பைத் தரையில் வைத்தாள்.

"நாளைக்கே கொண்டும்போயி அந்தக் கடையில குடுத்துரு. இது நம்ம வூட்ல இருக்கக் கூடாது."

அந்தக் காப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அம்மா ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டில் ஆறு வருஷம் சமையல் செய்தாள். அந்த வீட்டு அம்மா புதுப்பெண்ணாக வந்த வருஷமே இவளும் வேலைக்குப் போனாள். காப்பு அந்த அம்மாவுக்கு மாமியார் கொடுத்தது. மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்ததாம், அவருக்கு நவாப் வீட்டிலிருந்து வந்ததாம். வருகிற போகிற விருந்தாளிக்கெல்லாம் இந்த வரலாறு தேநீரோடு பரிமாறப்படும். ஒருமுறை அம்மா நல்லது செய்வதாக நினைத்து, வெள்ளைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக் காப்பைப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். கிளியை அவள் பார்த்தது அப்போதுதான். வீட்டில் ஒரே ரகளை. நூறு வருஷத்தைத் தேய்த்து எடுத்துவிட்டாயே என்று அந்த அம்மா கத்தினாராம். வீட்டுக்குப் பின்னாலேயே அவர்களுடைய தோல் பட்டறை. இரண்டே மாதத்தில் நூறு வருஷமும் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அதை உலர்ந்த துணியால் மட்டும்தான் தொட வேண்டும் என்று உத்தரவு.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் அந்தக் காப்பைக் காணவில்லை. மறுநாள் அம்மா வேலைக்குப் போனபோது வாசலிலேயே, "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். யாரும் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. போலீசைக் கூப்பிடு என்று சண்டை போட்டிருக்கலாம், வீட்டைச் சோதனை போடு என்று கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஒரு வார்த்தைகூடச் சொல்லாத மனுஷர்களிடம் எந்த வார்த்தைக்குப் பதில் சொல்வது? பெரிய மனுஷத்தனம் என்பது இதுதான் போலிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அம்மாவிடம் ஏதோ கேட்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அவளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் வா என்று கூப்பிட்டு, இரண்டாம் நாள் அடுக்களைப் பக்கத்து அறைக்குப் புதிதாகப் பூட்டு மாட்டினார்கள். மூன்றாம் நாள் அம்மா போகவில்லை. உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை உதறி உப்பு நீக்கும் வேலைக்குப் போனாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரிச்சல் தாங்காமல் ஸ்பூனால் சாப்பிடப் பழகினாள். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தக் கைதான்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் பெண்ணின் நகைகளும் சீர்ச் சாமான்களும் இருக்கும் அறையில் காவலுக்கு ஒருத்தியை உட்கார வைப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில்கூட அவள் அந்த அறையைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். கல்யாணத்தையே பார்க்காமல் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெருவில் தனி மரியாதை. பெண்ணின் அம்மாவே இலை போட்டு உள்ளே கொண்டுவந்து பரிமாறுவாள். எத்தனையோ வருஷமாக அந்த இடம் என் அம்மாவுடையது. காப்பு காணாமல் போன பிறகு ஒரு கல்யாணத்துக்கும் அவளை அறைக்குள் கூப்பிடவில்லை. "நீ எங்களோட வெளிய உக்காரு, கல்யாணத்த நல்லாப் பாரு" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்பாக! அம்மா அன்றிலிருந்து கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். பதினேழு வருஷம்.

அந்தக் காப்புதான் இப்போது என் வீட்டுத் தரையில் கத்தரிக்காய்க் காம்புகளுக்கு நடுவில் கிடந்தது. திருப்பிக் கொடுப்பதாவது! நான் மாட்டேன் என்றேன். இது அதேதானா, யார் செய்தது, எப்போது செய்தது, அந்த வீட்டைவிட்டு எப்படி வெளியே வந்தது, எல்லாவற்றையும் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று குதித்தேன்.

"கண்டுபுடிச்சி இன்னா பண்ணப் போற?" என்றாள் அம்மா.

"நாலு பேரு முன்னாடி சொல்லுவேன்."

அம்மா மறுபடி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் இணையத்தில் பழம்பொருள் பிரியர்கள் கூடும் ஒரு குழுவில் காப்பின் படத்தைப் போட்டேன். வேடிக்கை அங்கேதான். ஒருவர் லக்னோ என்றார். ஒருவர் ராஜஸ்தான் பாலைவனத்துப் பழங்குடி என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது, கறுப்பைத் தொட்டுவிடாதே, கறுப்புதான் இதன் மதிப்பு என்று எழுதினார். யாரும் உள்பக்கத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. எங்கள் வாய்க்கால் நாற்றத்துக்கு இத்தனை பக்தர்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஆம்பூர் நகைக்கடையிலோ நேர் எதிர். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்காமல் தராசில் போட்டு, "உருக்கத்தான் ஆவும்" என்றார்.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று என் வேலையை நானே பார்த்தேன். பிரியாணி பார்சல் கட்டும் அலுமினியத் தாளை ஒரு கிண்ணத்துக்குள் விரித்து, ஆப்ப சோடாவைக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். அந்தக் கறுப்பு வெள்ளியைவிட்டு அலுமினியத்துக்குத் தாவிவிடும். காப்பில் பாதியை மட்டும் உள்ளே அமிழ்த்திப் பிடித்தேன். மீதிப் பாதி சாட்சிக்கு. வழக்கமான அழுகிய முட்டை வாடை அடுக்களை முழுக்க எழுந்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கூப்பிடாமலேயே வந்து பின்னால் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகிவிட்டது. உள்பக்கம், திருகாணிக்குக் கீழே, அரிசி அளவுக்கு ஒரு முத்திரை. கிளிதான். வால் இருந்தது, இறக்கை இருந்தது, அலகு மட்டும் இல்லை. பக்கத்தில் வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் ஆங்கில எண், இயந்திரத்தில் அடித்த எண். நவாப் அரண்மனையில் யார் ஆங்கில எண் அடித்துக்கொண்டிருந்தார்கள்? கீல் பக்கத்தில், ஊசியால் கீறியதுபோல இன்னும் என்னவோ எழுத்து இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை.

"கிளிதான்" என்றாள் அம்மா. போய் அடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு வேலூரில் வெள்ளிக்கடை வெள்ளிக்கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் கிளியைப் பார்த்ததும், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பட்டறையைக் கைகாட்டினார்கள். அங்கே ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் காப்பை வாங்கிப் பார்த்தவர் உடனே சொல்லிவிட்டார்.

"எங்க கிளிதான். இன்னா ரிப்பேரு?"

"ரிப்பேரு இல்லக்கா. இது எப்ப செஞ்சதுன்னு தெரிஞ்சிக்கணும்."

"ரிப்பேரு இல்லன்னா ஓரமா நில்லு" என்றார். நின்றேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"கிளிக்கு மூக்கு எங்க இருக்குது பாரு. இல்லல்ல? என் பெரிய பொண்ணு பொறந்த வாரம் எங்க வூட்டுக்காரரு குஷியில கிளி அச்சக் கீழ போட்டு மூக்க ஒடச்சிட்டாரு. புதுசா வெட்டுன்னேன். கேக்கல. மூக்கு இருந்தா அதுக்கு முன்ன செஞ்சது, இல்லாட்டி அதுக்கப்பறம். எங்களுக்கு அதான் கணக்கு."

"பெரிய பொண்ணுக்கு இப்ப இன்னா வயசுக்கா?"

"இருவத்திநாலு நடக்குது. ஆஸ்பத்திரில நர்சா இருக்கா."

நவாப் வீட்டுக் காப்புக்கு இருபத்துநாலு வயதுகூட முழுசாக ஆகவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னது. காணாமல் போன அன்று அது ஏழு வயதுகூட நிரம்பாத காப்பு. மாமியாரின் மாமியார் கொடுத்தாராம்! அந்த மாமியார் மருமகளை நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறார். மருமகள் அதை வைத்து ஊரை ஏமாற்றியிருக்கிறார். அந்தப் பொய்யின் பாரம் கடைசியில் வந்து விழுந்தது சமையல்காரியின் தலையில்.

சிரிப்பும் எரிச்சலுமாக, ஊசிக் கீறலைக் காட்டி அதென்ன என்று கேட்டேன். அந்த அம்மா லென்ஸைச் சரிசெய்துகொண்டார்.

"இதுவும் என் கைதான். கீலு மாத்தியிருக்கேன். ரிப்பேருக்கு வந்தா உள்பக்கம் மாசம் வருசம் கீறிடுவேன். போன மாசந்தான செஞ்ச, அதுக்குள்ள போயிடுச்சின்னு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்காவ. இந்த 'ஆ'ன்னா ஆம்பூரு." பிறகு மாதத்தையும் வருஷத்தையும் படித்தார்.

நான் மறுபடி படிக்கச் சொன்னேன். அவர் மறுபடியும் அதையேதான் படித்தார். அது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த வருஷம். அம்மாவை வேலையைவிட்டு நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன காப்பு எப்படிக் கீல் மாற்றிக்கொள்ள ஆம்பூரிலிருந்து கிளம்பி வந்தது?

"யாரு கொண்டாந்தாங்கன்னு ஞாபகம் இருக்குமாக்கா?"

"ஆம்பூர்லேர்ந்து ஆயிரம் பேரு வர்றாங்க. யாருன்னு சொல்றது?" என்றவர் காப்பைத் திருப்பினார். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருந்ததைப் பார்த்து நின்றார். "இதேன் பாதியோட வுட்ட? இரு, இரு. அந்தக் கறுப்பம்மாவா! கறுப்பத் தொடக்கூடாதுன்னு சொன்ன அம்மா. கார்ல வந்தாங்க. கீலு மாத்தினா பாலிஷ் போட்டுத்தான் குடுப்போம். அவங்க அழாத கொறையா, வேணாம் வேணாம், நவாப் காலத்துக் கறுப்புன்னாங்க. எங்க வேலைன்னு பாத்தவொடனே எனக்குத் தெரியாதா? என்கிட்டயே நவாப் கதை! அன்னைக்கிப் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லலியா?"

"ஒங்க நகை புதுசுன்னு சொன்னா அப்பறம் வருவாங்களா? நல்லா கேட்ட."

வேலூரிலிருந்து ஆம்பூர் வரும்வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை. காப்பு அவர்களிடமேதான் இருந்திருக்கிறது. கையில் போட்டுக்கொண்டு, கீல் போனதும் கார் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதே நாட்களில் என் அம்மா உப்புத் தோல் உதறிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிஷம். கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்ப எவருக்கும் கால் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக்குப் போனேன். பழைய வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சந்தோஷமாகவே வரவேற்று, இன்னாரின் மகள் என்று உள்ளே குரல் கொடுத்து, தேநீர் போடச் சொன்னார். அவர் குறை சொல்ல முடியாதபடி நல்லவராக இருந்தது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. பையிலிருந்து காப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அட, இது உன்கிட்ட எப்படி வந்துச்சி?" என்றார். "இப்ப யாரு இதெல்லாம் போடுறாங்க? பழைய பீரோவோட அள்ளிக் குடுத்துட்டோம்."

"இது காணாம போச்சின்னுதான ஆன்ட்டி எங்கம்மாவ வர வேணாம்னீங்க?"

"அதுவா? அது அந்த வாரமே கெடச்சிடுச்சே. சால்வை மடிப்புக்குள்ள இருந்துது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்த கதையைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அப்பறம் ஏன் ஆன்ட்டி எங்கம்மாகிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? கெடச்சிடுச்சின்னு சொன்னா, நாங்க அவங்கமேல சந்தேகப்பட்டோம்னு ஆயிடும்ல? மனசு கஷ்டப்படுவாங்க. வேற ஆளும் வெச்சிட்டோம். உங்கம்மாவ நாங்க ஒரு வார்த்தை தப்பா சொன்னது கெடையாது. வேணும்னா அவங்களையே கேட்டுப் பாரு."

அம்மாவின் மனசு கஷ்டப்படக் கூடாதென்று பதினேழு வருஷம் வாயைத் திறக்கவில்லையாம்! கல்யாண வீட்டு அறையைப் பற்றிச் சொன்னேன். வெடித்த விரல்களைப் பற்றிச் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். "இப்ப போயி எதுக்கும்மா பழசெல்லாம்" என்றார். தேநீர் வந்தது. நான் தொடவில்லை.

அப்புறம் காப்பைத் திருப்பிக் கிளியைக் காட்டினேன். மூக்கு உடைந்த கதையை முழுசாகச் சொன்னேன். "இது நவாப் காலம் இல்ல ஆன்ட்டி. வேலூர் மார்க்கெட்டுக்குப் பின்னாடி செஞ்சது. என்னைவிட பத்து வயசு சின்னது. அந்தக் கறுப்பு, உங்க பட்டறை வாடை."

அப்போதுதான் அந்த முகம் மாறியது. என் அம்மாவுக்காக மாறாத முகம் நவாபுக்காக மாறியது. வேலைக்காரப் பெண் காதில் விழுந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. சொந்தக்காரங்க மத்தியில அசிங்கமாயிடும்" என்றார்.

"எங்க வூட்டுக்கு வாங்க" என்றேன். "எங்க தெருவுல நாலு பொம்பளைங்கள வெச்சிக்கிட்டு, அந்தக் காப்பு அந்த வாரமே எங்களுக்குக் கெடச்சிடுச்சின்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க. நவாப் கதைய நான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்."

"பாக்குறேன்மா" என்றார்.

இன்றுவரை வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காப்பைப் பையில் போட்டுக்கொண்டு அங்கிருந்து வீட்டுக்கு வேகவேகமாக நடந்தேன். தெருமுனையில் குழாயடியில் நின்றிருந்த இரண்டு பேரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்போது பாதிக் கதை என் வாயைவிட்டு வெளியே வந்திருந்தது. அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சால்வை மடிப்பு, கீல், 'ஆ' எழுத்து, மூன்று வருஷம், எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண்பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா புளிச் சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"சால்வையிலயா இருந்துது" என்றாள். "ஒதறிப் பாருங்கன்னு சொல்லலாம்னுதான் அன்னைக்கிப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க."

அவள் குரலில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குக் கோவமே வராதாம்மா? திருடின்னு நெனச்சி வெளிய தள்ளினவங்கமேலகூட வராதா?"

அம்மா என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்த வூட்ல யாரும் என்னப் பாத்து நீ எடுத்தியான்னு கேக்கல" என்றாள். "நீதான் கேட்ட."

"சின்னப் பொண்ணும்மா, அப்ப ஏதோ தெரியாம..." என்று இழுத்தேன்.

"கேட்டது பரவால்ல. கேட்டா இல்லன்னு சொல்லிட்டுப் போவலாம். தண்ணி புடிச்சிக்கினு வர்றேன், அரிசி டின்னு மூடி சரியா மூடல. டின்னச் சுத்தி அரிசி எறைஞ்சி கெடக்குது. நீ புஸ்தகத்த வெச்சிக்கினு திரும்பி உக்காந்திருக்க. மூடிய மூடிட்டு, எறைஞ்சத அள்ளிப் போட்டுட்டு ஒல வெச்சேன்."

ஆமாம். தேடினேன். வெள்ளியை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? தோள்வரை கையை விட்டு அடிவரை துழாவினேன். என் சின்ன வயசுக் கொலுசு மட்டும் துணியோடு கையில் தட்டுப்பட்டது. அம்மா வருகிற சத்தம் கேட்டு அவசரமாக மூடினேன். யாருக்கும் தெரியாது என்றே பதினேழு வருஷமாக நினைத்திருந்தேன். போன ஒரு வாரமாக ஊர் ஊராக அலைந்து யார் யாரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோதும் அது எனக்கு நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வரும்போதெல்லாம் அந்த வீட்டு அம்மாவின்மேல் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

அம்மா பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்தாள். என் பையிலிருந்த காப்பை எடுத்து, கறுத்த பக்கமும் வெளுத்த பக்கமும் தெரியாமல் அதைச் சுற்றி, என் கையில் வைத்தாள்.

"டின்னுல போட்டு வை" என்றாள். "இப்ப தேடுனா கெடைக்கும்."